செக்ரோல் யார் கையில்?

செக்ரோல் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அட்டவணை என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. ரப்பர் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியார் மேசைமேல் கிடந்த அந்த நீளப் பேரேட்டில் இடப்பக்கம் பெயர், மேலே 1 முதல் 31 வரை தேதி, கட்டத்துக்குள் ஒரு கோடோ எண்ணோ இருக்கும். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு ஆள் நின்றால் விழுகிற கோடு அது. சம்பளம் அந்தக் கோட்டை வைத்துத்தான். சேமநிதி வந்த பிறகு அதற்கான பிடித்தமும் அதே கோட்டிலிருந்துதான். மலேசியாவில் ஈப்போவிலும் சுங்கை சிப்புட் பக்கமும் நான் இன்று கணினியில் பதிவேடு அமைத்துக் கொடுக்கிற சங்கங்களில், பெரியவர்கள் பலர் அந்தப் பேரேட்டில் பெயர் இருந்தவர்களின் பிள்ளைகள். ஒன்றிரண்டு பேர் அதை எழுதியவர்களே.

கோயில் நிர்வாகம், தமிழ்ப்பள்ளி முன்னாள் மாணவர் சங்கம், மரண சகாய நிதி, இல்லாமல் போன தோட்டத்தின் பழைய குடிகள் ஆண்டுக்கொரு முறை கூடும் திருவிழாக் குழு. இவர்கள்தான் என் வாடிக்கையாளர்கள். பெரிய மென்பொருள் கம்பெனி எதுவும் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது, பணமும் அதற்கேற்றபடிதான். ஆனால் தரவு சின்னதில்லை. ஒரு மரண சகாய நிதியை எடுத்தால் குடும்பம், அதைச் சார்ந்தவர்கள், ஆண்டுச் சந்தா, கொடுத்த உதவித்தொகை, ரசீது எண் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அத்தனையையும் ஒரே எக்செல் தாளில் அடைத்திருப்பார்கள். செயலாளர் மாறும்போதெல்லாம் அது ஒரு குட்டி போடும். எந்தக் குட்டி சரியானது என்று யாருக்கும் தெரியாது. சங்கங்கள் சட்டம் 1966இன்படி ஆண்டுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் பதிவிலாகாவுக்கு அறிக்கை போக வேண்டும். அந்த 60 நாளில்தான் எனக்குப் போன் வரும்.

செக்ரோல் தொழிலாளியின் வாழ்நாள் கணக்கு. ஆனால் ஒரு நாளும் அது தொழிலாளியிடம் இருந்ததில்லை. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு போட்டு விற்றார்கள். அந்தத் துண்டாடலை உங்கு அசிஸ் ஆராய்ந்து எழுதினார். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர் காசிலேயே தோட்டங்களை வாங்க வழி செய்தார். அது பெரிய கதை. என் தொழிலுக்கு அதிலிருந்து வந்து சேர்வது சின்ன விஷயம்தான்: தோட்டம் கைமாறியபோது ஆபீஸ் அலமாரியும் கைமாறியது, அல்லது கறையானுக்குப் போனது. ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனையும் போய்த் தாமான் என்கிற குடியிருப்பு வந்துவிட்ட இடங்களில், "எங்கப்பா இங்கதான் பால் வெட்டினாரு" என்பதைக் காட்ட மகனிடம் ஒரு தாள் இல்லை.

ஆகவே ஒரு சங்கம் என்னிடம் வந்தால் நான் கேட்கும் முதல் கேள்வி, பேரேடு யார் கையில் இருக்கப்போகிறது என்பது. ஏர்டேபிள் மாதிரி மேகச் சேவைகள் அழகானவை. பத்து நிமிடத்தில் ஓடத் தொடங்கிவிடும். இலவசக் கணக்கில் ஒரு தளத்துக்கு 1,000 வரிதான். ஒரு பெரிய தோட்டத்துக் குடும்பங்களை அவர்கள் பிள்ளை குட்டிகளோடு எழுதினால் அதைத் தாண்டிவிடும். தாண்டியபிறகு மாதாமாதம் டாலரில் கட்டணம், அதுவும் ஆளுக்கு ஆள். கட்டாமல் விட்டால் என்ன ஆகும் என்று பொருளாளர் கேட்பார். நியாயமான கேள்வி.

சொந்தச் சர்வரில் வைத்துக்கொள்ளத் திறந்த மூலக் கருவிகள் சில உண்டு. நெதர்லாந்தில் பிறந்த பேஸ்ரோ, போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின்மேல் நிற்பது. நன்றாகச் செய்திருக்கிறார்கள், ஆனால் சின்னக் கணினிக்குக் கொஞ்சம் பாரம். நோக்கோடிபி ஏற்கெனவே இருக்கும் தரவுத்தளத்துக்கு விரிதாள் முகம் கொடுக்கும். எங்கள் சங்கங்களில் ஏற்கெனவே இருப்பது காக்கி அட்டைக் கோப்பும் எக்செல் தாளும்தான். நான் நிலைத்தது நியூயார்க்கில் இருக்கும் கிரிஸ்ட் லேப்ஸ் உருவாக்கும் கிரிஸ்டில். காரணம் ஒன்றே ஒன்று. கிரிஸ்டில் ஒரு பதிவேடு முழுவதும் ஒரே கோப்பு. அதுவும் எஸ்கியூலைட் கோப்பு. அட்டவணைகள், உறவுகள், சூத்திரங்கள், யார் எப்போது எதை மாற்றினார் என்ற வரலாறு எல்லாம் அதற்குள். நாளை நானும் கிரிஸ்டும் இல்லாமல் போனாலும் எஸ்கியூலைட் திறக்கத் தெரிந்த எந்தப் பிள்ளையும் உள்ளே இருப்பதை எடுத்துவிடலாம். கூட்டம் முடிந்ததும் அந்த ஆண்டுக் கோப்பைப் பென்டிரைவில் இறக்கித் தலைவர் கையில் கொடுப்பேன். இரும்புப் பெட்டியில் கோயில் நகையோடு அதையும் வைத்துப் பூட்டுகிறார்கள்.

"இதை வேற யாரு தம்பி பாவிக்கிறாங்க?" என்று ஒரு தலைவர் கேட்டார். பிரான்ஸ் அரசாங்கத்தின் கணினித் துறை இதையே சொந்தச் சர்வரில் நிறுவி அரசு ஊழியர்களுக்குக் கொடுத்திருக்கிறது, மேம்படுத்தவும் கைகொடுக்கிறது என்றேன். அதற்குமேல் அவர் எதுவும் கேட்கவில்லை. வெள்ளைக்காரன் பாவித்தால் சரி என்ற எண்ணம் இன்னும் முழுதாகப் போகவில்லை. அன்று அது எனக்குச் சாதகமாக இருந்ததால் நானும் விட்டுவிட்டேன்.

நிறுவுவது பெரிய வேலையில்லை. ஒரு சின்னக் கணினி, அதில் டாக்கர், இடி மின்னலுக்கு ஒரு யூபிஎஸ். கிந்தா பள்ளத்தாக்கில் சாயங்கால இடிக்கு அது கட்டாயம். வேலை தொடங்குவது அதற்குப் பிறகுதான். கிரிஸ்டின் உடம்பு எல்லாருக்கும் பொது. ஒரு சங்கத்துக்குப் பொருந்துவதும் பொருந்தாததும் மேலே ஒட்டிக்கொள்ளும் சின்னச் சின்ன விட்ஜெட்களில் இருக்கிறது. இவற்றில் சிலவற்றை கிரிஸ்ட் லேப்ஸே எழுதியது; மற்றவற்றை உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் தங்கள் தேவைக்கு எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம்.

முதலில் அடம்பிடித்தது சந்தா அட்டவணை. சங்கத்து எக்செல்லைத் திறந்தால் அது அப்படியே செக்ரோல்: இடப்பக்கம் பெயர், மேலே ஆண்டுகள், கட்டத்தில் டிக். தரவுத்தளத்துக்கு இந்த உருவம் ஆகாது. ஒவ்வோர் ஆண்டும் ஒரு புதுப் பத்தி. ஒருவர் இரண்டு தவணையாகக் கட்டினால் கட்டத்துக்குள் இரண்டு ரசீது எண். மனைவி பெயரில் கட்டினால் ஓரத்தில் பென்சில் குறிப்பு. ஆகவே அதை நெட்டாக உடைத்தேன்: ஒரு கட்டணத்துக்கு ஒரு வரி. உறுப்பினர், தேதி, எந்த ஆண்டுக்கு, எத்தனை வெள்ளி, ரசீது எண். கணக்குப்படி இதுதான் சரி. பொருளாளருக்கோ கோபம் வந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் தோட்டத்தில் கிராணியாக இருந்தவர் அவர். "யாரு கட்டல, யாரு கட்டினாங்கன்னு ஒரே பார்வையில தெரியணும் தம்பி. இது வெறும் ரசீதுக் கட்டு." அவர் சொன்னதில் தப்பில்லை. செக்ரோலின் உருவம் ஆள் வராத நாளைக் கண்ணுக்குக் காட்டுவதற்கென்றே அமைந்தது. வெற்றுக் கட்டம்தான் அதில் செய்தி. நெட்டு அட்டவணையில் வராதவருக்கு வரியே கிடையாது.

இதற்குத் தீர்வாக வந்தது பைவட் விட்ஜெட். யாரோ எப்போதோ எழுதிய திறந்த மூல பைவட் நிரலை எடுத்து இன்னொருவர் கிரிஸ்டுக்குள் பொருத்தியிருந்தார். கட்டண வரிகளைக் கொடுத்து, பெயரை இடப்பக்கமும் ஆண்டை மேலேயும் இழுத்துவிட்டால் பழைய செக்ரோல் திரும்பி வந்துவிடுகிறது, வெற்றுக் கட்டங்களோடு. ஒரு வெள்ளியும் கட்டாதவர்கள் மட்டும் அதிலும் வரமாட்டார்கள். அவர்களுக்காக உறுப்பினர் அட்டவணையில் "கடைசியாகக் கட்டிய ஆண்டு" என்று ஒரு சூத்திரப் பத்தி வைத்தேன். காலியாக இருந்தால் சிவப்பு. கிராணியார் அன்றைக்கே ஒரு பிழையைக் கண்டுபிடித்தார்: ஒரே ஆள் இரண்டு பெயரில் இருந்தார்.

இரண்டு பெயர் என்பது எங்கள் ஊரில் சாதாரணம். சுப்பிரமணியம் ரோமன் எழுத்தில் எத்தனை விதமாக வரும் என்று பதிவிலாகா ஊழியர்களைத்தான் கேட்க வேண்டும். நடுவில் மகன், மகள் என்பதைக் குறிக்கும் ஏ/எல், ஏ/பி. சிலருக்கு அதுவும் விடுபட்டிருக்கும். தோட்டத்தில் பத்து முனியம்மாக்கள் இருந்தால் பத்து பட்டப்பெயரும் இருக்கும். ஆளை அடையாளம் காட்ட அடையாள அட்டை எண்ணை விட்டால் வழியில்லை. அந்த அட்டைக்கும் எங்கள் வட்டாரத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், அவசரகாலம் வந்தது, அந்த ஆண்டே நாடு முழுக்க ஆட்களைப் பதிந்து அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். பழைய அட்டையில் 7 இலக்கம். இப்போது 12: முதல் ஆறு பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த மாநிலம் (பேராக்கென்றால் 08), கடைசி இலக்கம் ஒற்றைப்படையானால் ஆண், இரட்டைப்படையானால் பெண்.

இவ்வளவு செய்தி உள்ளே இருக்கும் எண்ணை எக்செல் வெறும் எண்ணாக நினைக்கிறது. 2000 முதல் 2009 வரை பிறந்த பிள்ளைகளின் அட்டை எண் 0வில் தொடங்கும். எக்செல் அந்த 0வை விழுங்கிவிடும். கிரிஸ்டில் அந்தப் பத்தியை எழுத்து வகையாக வைத்து, பக்கத்தில் ஒரு பைத்தான் சூத்திரம்: 12 இலக்கம் இருக்கிறதா, முதல் ஆறும் உண்மையான தேதியா, ஆண் பெண் குறிப்போடு ஒத்துப்போகிறதா. ஒத்துப்போகாத வரிகளை மட்டும் தனிப் பக்கத்தில் காட்டினால் செயலாளர் உட்கார்ந்து போன் போட்டுத் திருத்திவிடுவார். பெரியவர்களுக்குப் பிறந்த தேதிப் பத்தி இரண்டு வைத்திருக்கிறேன், அட்டையில் உள்ளது ஒன்று, வீட்டில் சொல்வது ஒன்று. தோட்டத்தில் பிறந்த பிள்ளையைப் பல மாதம் கழித்துப் போய்ப் பதிந்த காலம் அது. அறுபதாம் கல்யாணத்துக்குக் கோயிலில் நாள் குறிக்கும்போது வீட்டுத் தேதிதான் செல்லும்.

கிரிஸ்டின் சூத்திரங்கள் பைத்தானில் எழுதப்படுவது தமிழில் வேலை செய்கிறவனுக்குக் கிடைத்த பெரிய வசதி. முன்னாள் மாணவர் சங்கம் ஒன்று 1990களில் தட்டிய பெயர்ப் பட்டியலைக் கொண்டுவந்தது. திறந்தால் குப்பையாக ஆங்கில எழுத்துகளும் குறிகளும். யூனிகோடு பரவுவதற்கு முந்திய தமிழ் எழுத்துரு. திஸ்கி, டாப், டாம், பாமினி என்று எது எந்தக் குறியாக்கம் என்று ஊகித்துத்தான் பிரிக்க வேண்டும். ஓப்பன்-தமிழ் என்ற பைத்தான் நூலகத்தில் இவற்றை யூனிகோடாக மாற்றும் பகுதி இருக்கிறது. கிரிஸ்டின் பொதுப் படிமத்தில் அந்த நூலகம் கிடையாது. சூத்திரங்கள் அடைத்த பெட்டிக்குள் ஓடுவதால் வெளியிலிருந்து எதையும் இழுத்துக்கொள்ளவும் முடியாது. சொந்தச் சர்வர் என்பதால் படிமத்தின்மேல் இரண்டு வரி சேர்த்து, ஓப்பன்-தமிழையும் உள்ளே போட்டு, நமக்கென்று ஒரு படிமம் கட்டிக்கொள்ளலாம். மேகச் சேவையில் இது நடக்காது.

அதே நூலகம் அகரவரிசைக்கும் உதவியது. யூனிகோடு எண் வரிசையில் ந-வுக்கு அடுத்து ன வந்துவிடும், ர-வுக்கு அடுத்து ற. எண்ணை மட்டும் பார்த்து வரிசைப்படுத்தினால் அன்னம்மா முன்னாலும் அம்மாக்கண்ணு பின்னாலும் நிற்பார்கள். தமிழாசிரியராக இருந்து ஓய்வுபெற்ற தலைவர் அதை ஒரு வினாடியில் பார்த்துவிட்டார். பெயரை எழுத்தெழுத்தாகப் பிரித்து, ஒவ்வொரு எழுத்துக்கும் அரிச்சுவடியில் அதன் இடத்தை எண்ணாகப் போட்டு, மறைவான ஒரு பத்தியில் வைத்து அதைக்கொண்டு வரிசைப்படுத்தினேன். நிரலாக இது பெரிய காரியமில்லை. ஆனால் அதன் பிறகுதான் அந்தத் தலைவர் பட்டியலை அச்சடிக்கச் சம்மதித்தார்.

அச்சு என்றதும் உறை ஒட்டி நினைவுக்கு வருகிறது. திருவிழா அழைப்பிதழை இன்னும் தபாலில் அனுப்புகிற குழுக்கள் எங்கள் பக்கம் உண்டு. வாட்ஸ்அப்பில் வந்த அழைப்பை அழைப்பாகவே எடுத்துக்கொள்ளாத வீடுகளும் உண்டு. கிரிஸ்ட் லேப்ஸின் லேபிள் விட்ஜெட் முகவரிகளை ஒட்டித்தாளுக்கு அளவாக அடுக்கிக் கொடுக்கும். நான் எடுத்தபோது அதன் அளவுகள் அமெரிக்க லெட்டர் தாளுக்கு இருந்தன. நம் ஊரில் ஏ4. உயரத்தில் 18 மில்லிமீட்டர் வித்தியாசம். கடைசி வரிசைக்குள் பாதி ஊர்ப்பெயர் காணாமல் போகும். ஒரு செயலாளரின் மகள், ஈப்போவில் பாலிடெக்னிக் படிக்கிறவர், மூல நிரலை எடுத்து ஏ4 அளவுகளைச் சேர்த்தார். தமிழ் எழுத்து மேலும் கீழும் கொஞ்சம் கூடுதல் இடம் கேட்கும் என்பதால் வரி இடைவெளியையும் கூட்டினார். ஒரு விட்ஜெட்டைத் திறந்து பார்க்கலாம், கை வைக்கலாம் என்ற தைரியம் அந்தச் சங்கத்துக்கு அன்று வந்தது. இப்போது ரசீதும் அவர் செய்ததுதான். விலைப்பட்டியல் விட்ஜெட்டைப் பிரித்து, உபயம், நாள், கட்டளைக்காரர் பெயர் என்று மாற்றியிருக்கிறார்.

வரைபட விட்ஜெட்டுக்குத்தான் நான் தடை சொன்னேன். எல்லாருக்கும் பிடித்தது அதுதான். பழைய தோட்டத்துக் குடும்பங்கள் புந்தோங்கில் எத்தனை, கிள்ளானில் எத்தனை, ஜொகூரில் எத்தனை என்று புள்ளி புள்ளியாகத் தெரிவதைப் பார்த்தால் யாருக்குத்தான் ஆசை வராது. முகவரியைக் கொடுத்தால் அதுவே அட்சரேகை, தீர்க்கரேகை தேடிப் போட்டுக்கொள்ளும் வசதியும் அதில் உண்டு. எப்படித் தேடுகிறது? முகவரியை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் நோமினாட்டிம் சேவைக்கு அனுப்பிக் கேட்கிறது. அதாவது உறுப்பினர் வீட்டு முகவரிகள் ஒவ்வொன்றாக நம் பெட்டியை விட்டு வெளியே போகின்றன. அந்தச் சேவையை நடத்துகிறவர்கள் நல்லவர்கள்தான்; ஆனால் உறுப்பினர்களைக் கேட்காமல் அனுப்ப நமக்கு என்ன உரிமை?

இங்கேதான் கிரிஸ்ட் விட்ஜெட்டின் அமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டும். விட்ஜெட் என்பது நம் பதிவேட்டுப் பக்கத்துக்குள் ஒரு சட்டத்தில் திறக்கும் வேறொரு வலைப்பக்கம். பொதுவான விட்ஜெட்கள் கிட்ஹப் தளத்திலிருந்து வருகின்றன. தனியாட்கள் எழுதியவை அவரவர் இடத்திலிருந்து. பதிவேடு சொந்தச் சர்வரில் இருந்தாலும் விட்ஜெட்டின் நிரல் வெளியிலிருந்து வந்து, நம் உலாவியில் ஓடி, நம் தரவைத் தொடுகிறது. எழுதியவர் நாளைக்கு அதை மாற்றினால் நம்முடையதும் மாறிவிடும். அனுமதி மூன்று படி: எதையும் பார்க்க முடியாது, தேர்ந்தெடுத்த அட்டவணையை மட்டும் படிக்கலாம், முழு ஆவணத்தையும் படிக்கலாம் மாற்றலாம். மூன்றாவது படி கேட்கும் விட்ஜெட் சாவிக்கொத்தையே கேட்கிறது. பெரும்பாலானவர்கள் பெட்டி தோன்றியதும் சரி என்று அழுத்திவிடுகிறார்கள்.

என் வழக்கம் வேறு. வேண்டிய விட்ஜெட்டின் நிரலைப் படித்துப் பார்த்து, ஒரு பிரதியைச் சங்கத்தின் அதே சின்னக் கணினியில் வைத்துவிடுவேன். கிரிஸ்டுக்கு எந்த விட்ஜெட் பட்டியலைக் காட்ட வேண்டும் என்று அமைப்பில் சொல்லலாம். நம் பட்டியலை மட்டும் காட்டச் சொல்லிவிட்டால் குழுவினர் தெரியாமல் வெளியே எதையும் இழுக்கமாட்டார்கள். அடையாள அட்டை எண் இருக்கும் அட்டவணையை எந்த விட்ஜெட்டிலும் இணைப்பதில்லை. வரைபடத்துக்கு ஊர்ப்பெயரும் எண்ணிக்கையும் மட்டும் உள்ள ஒரு சுருக்க அட்டவணை போதும். ஊர்களின் இடத்தை ஒரு தடவை கையால் போட்டுவிட்டால் தேடல் சேவையே வேண்டாம். புள்ளிகள் குறைந்ததில் சிலருக்கு வருத்தம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 வணிகப் பரிவர்த்தனைகளுக்குத்தானே, கோயிலுக்கு எதற்கு என்று ஒருவர் வாதாடினார். சட்டம் அப்படித்தான் சொல்கிறது, மறுக்கவில்லை. சட்டம் கேட்காததால் ஊராரின் அட்டை எண்ணைத் திறந்து போடலாமா என்று கேட்டேன். கிராணியார் என் பக்கம் பேசினார். செக்ரோலைத் துரையைத் தவிர வேறு யாருக்கும் காட்டாமல் பூட்டி வைத்த மனிதர் அவர்.

கொஞ்சம் நிரல் தெரிந்தவர்கள் வந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் விட்ஜெட் எழுதத் தோன்றும். நான் அதற்கு எதிரி. சங்கத்துக்கு ஒரு புது விட்ஜெட் என்றால் அதைப் பராமரிக்க ஓர் ஆள் என்று பொருள். அந்தப் பிள்ளை படிப்பு முடிந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டால் அது அநாதை. கிரிஸ்டே தருகிற படிவம், சுருக்க அட்டவணை, நிற விதி இவற்றால் முடிகிற வேலைக்கு வெளியே போகக்கூடாது. எங்கள் சங்கங்களில் எதிலும் நாலைந்து விட்ஜெட்டுக்கு மேல் இல்லை. ஒவ்வொன்றுக்கும் அது எங்கிருந்து வந்தது, யார் திருத்தினார், என்ன அனுமதி என்று பதிவேட்டுக்குள்ளேயே ஒரு அட்டவணை இருக்கிறது, தமிழில்.

இப்போது கைவசம் இருப்பது டுயிட்நவ் என்கிற பணம் செலுத்தும் சேவையின் கியூஆர் தலைவலி. உண்டியல் பக்கத்தில் கியூஆர் அட்டை வைத்த பிறகு சந்தா பாதிக்குமேல் வங்கிக்கு நேராக வருகிறது. வங்கி தரும் பட்டியலில் கட்டியவரின் பெயர் பாதியில் வெட்டுப்பட்டிருக்கும். குறிப்பில் "சாமி காசு" என்று மட்டும் எழுதியிருப்பார்கள். பேரன் போனிலிருந்து பாட்டிக்குக் கட்டியிருப்பான். வங்கிப் பட்டியலை இறக்குமதி செய்து, தொகையையும் பெயரின் முதல் சில எழுத்துகளையும் வைத்து இன்னாராக இருக்கலாம் என்று காட்டும் சூத்திரம் ஒன்று எழுதியிருக்கிறேன். முடிவு செய்வது பொருளாளர்தான்; அவர் டிக் போட்டால்தான் வரவாகும். அடுத்த ஆண்டுக்கூட்டத்துக்குள் அட்டையிலேயே குடும்ப எண்ணை அச்சடித்துக் கொடுத்துவிடலாம் என்று குழுவில் பேச்சு. அதற்குக் குடும்பம் ஒவ்வொன்றுக்கும் ஒரு எண் வேண்டும். பழைய தோட்டத்தின் எந்த டிவிஷனுக்கு எண் 1 என்று கீழ் டிவிஷன்காரர்களும் மேல் டிவிஷன்காரர்களும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.